பால் கொட்டகையில் நான் பார்த்தது

அன்றைக்குப் பால் கொட்டகையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். சின்ன துரை, கையில் கணக்குப் புத்தகத்தோடு கிராணி, எங்கள் கங்காணி, என் அண்ணன், எங்களுக்கு எதிர்வீட்டில் குடியிருந்த புருஷனும் பெண்சாதியும், ரப்பர்ப் பாலைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்த நான். இது ஏழு. கொட்டகைக்குப் பின்னால் முழங்கால் ஆழச் சாக்கடையில் இறங்கிச் சேறு வாரிக்கொண்டிருந்த தோட்டி எட்டாவது ஆள். துரையின் நாயையும் சேர்த்துக்கொண்டால் ஒன்பது. அதுவும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

இவ்வளவு சரியாக எண்ணிச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிறகொரு நாள் ஈப்போவில் ஓர் அதிகாரி இதையே என்னிடம் கேட்டார். அப்போது நான் எட்டு என்று சொல்லவில்லை.

மலாயாவின் பேராக்கில், சுங்காய்க்கும் பீடோருக்கும் நடுவில் இருந்த ஒரு கித்தாத் தோட்டம் அது; ரப்பரை நாங்கள் கித்தா என்போம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினெட்டு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். அப்பா மலைக்காய்ச்சலில் போன பிறகு அண்ணன் என் கையைப் பிடித்து, மரம் வெட்டிப் பால் எடுக்கும் வெட்டுக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதோடு படிப்பு முடிந்தது. பயம் மட்டும் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கதவைச் சாத்தினோமா, அடுப்பை அணைத்தோமா, அந்த ஆள் நம்மைப் பார்த்த பார்வை என்ன பார்வை என்று யோசித்தே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

துரைமார் பேசும்போது தலையைக் குனிந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அதை யாரும் சட்டமாகச் சொல்லித் தரவில்லை. நடக்கப் பழகும்போதே பழகிவிடுவது. துரை யாரையாவது திட்டினால் சுற்றி நிற்கும் எல்லாருடைய கண்ணும் தரைக்குப் போய்விடும். அடி வாங்குகிறவனைப் பார்க்காமல் இருப்பது அவனுக்கும் மரியாதை என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. சின்ன துரை வந்து ஒரு வருஷம் ஆகியும் அவருடைய முகம் எப்படி என்று கேட்டால் எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. பூட்ஸ் எப்படி என்று கேட்டால் எல்லாரும் சொல்வார்கள்.

என்னிடம் மட்டும் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குனிந்த தலையோடு கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்ப்பேன். தைரியத்தால் செய்வதில்லை. அடுத்த அடி யாருக்கு விழப்போகிறது என்று தெரியாமல் நிற்க என்னால் முடியாது.

முந்தின ராத்திரி நல்ல மழை. விடிந்த பிறகும் தூறல் நிற்கவில்லை. மரத்தில் வழிந்த மழைத்தண்ணீர் பால் வடியும் மங்குகளில் இறங்கி எல்லாருடைய பாலும் இளகிப் போயிருந்தது. கிராணி பாலுக்குள் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, பாலின் கெட்டியைக் காட்டும் எண்ணைப் படித்தார். எதிர்வீட்டுக்காரருடைய எண்ணைக் கேட்டதும் சின்ன துரை, "தண்ணி ஊத்திட்டான்" என்றார். எதிர்வீட்டுக்காரர், "ஆமாங்க துரை" என்றார். துரை எது சொன்னாலும் ஆமாங்க துரை என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பதில். அவருக்கு அரைப்பேர் போட்டார்கள், பாதி நாள் கூலி போனது. அத்தோடு அவர் தப்பித்தார்.

அடுத்தது அண்ணன்.

"நீயும் தண்ணி ஊத்திட்டான்."

"இல்லைங்க துரை. மழைத்தண்ணிங்க."

இல்லை என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் கங்காணி தொண்டையைச் செருமினார். அண்ணன் குனியவும் இல்லை. துரையின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கிளிங் எல்லாம் பொய். எல்லாக் கிளிங்கும் திருடன்டா."

"நான் திருடலைங்க துரை."

எல்லாத் தலைகளும் குனிந்தன. நானும் குனிந்து, வழக்கம்போல் கண்ணைத் தூக்கினேன். பிரம்பு அண்ணனுடைய இடது காதின் மேல் விழுந்தது. இரண்டாவது தடவையும் அதே இடத்தில். பிறகு பூட்ஸ் கால் வாளியை உதைத்தது. காலை நாலு மணியிலிருந்து வெட்டிச் சேர்த்த பால் சிமிண்டுத் தரையில் பரவி, வாய்க்கால் வழியே பின்பக்கச் சாக்கடைக்குப் போனது. அந்தப் பால் போன வழியே என் கண்ணும் போயிற்று. அங்கே தோட்டி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பால் அவர் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். உடனே கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஆட்களை இளக்காரமாகச் சொல்லும் கிளிங் என்பது எங்களுக்குப் புதிய சொல் இல்லை. பீடோர் கடைத்தெருவில் நடந்தால் சீனப் பிள்ளைகள் அதை ராகம் போட்டுப் பாடுவார்கள். மலாய்க்காரர்களில் சிலர் கோபமில்லாமலே சொல்வார்கள், சிலர் துப்புகிற மாதிரி சொல்வார்கள். அண்ணனுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. நான் கேட்காத மாதிரி நடந்துவிடுவேன். நாங்களும் ஒன்றும் சும்மா இல்லை. அவர்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தோம், வீட்டுக்குள் வந்து சொல்லிச் சிரித்துக்கொள்வோம். லயத்துக்குள்ளேயும் அப்படித்தான். தோட்டி குடிக்கத் தண்ணீர் கேட்டால் என் அண்ணி செம்பை உயரப் பிடித்து அவருடைய கைக்குள் ஊற்றுவார். செம்பு அவர் மேல் படக்கூடாது. அண்ணி கெட்டவர் இல்லை. அது தப்பென்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை.

பத்து நாளில் அண்ணனுக்குச் சீட்டுக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். ஒரு தோட்டத்தை விட்டுப் போகிறவனுக்குத் தோட்டம் ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கும். அதைக் காட்டினால்தான் இன்னொரு தோட்டத்தில் பெயர் பதிவார்கள். அண்ணனுடைய சீட்டில், பாலில் தண்ணீர் கலந்து திருடியதால் நீக்கம் என்று ஒரு வரி இருந்தது. கிராணியே படித்துக் காட்டினார். அண்ணன் அதை மடித்து மடியில் கட்டிக்கொண்டு மூன்று தோட்டங்களுக்குப் போனார். மூன்றிலும் கிராணிமார் அந்த வரி வரைக்கும் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நானும் அண்ணியும் இன்னும் பேரேட்டில் இருந்ததால் லயத்து வீடு எங்களிடம் இருந்தது. அண்ணன் அந்த வீட்டுக்கே விருந்தாளி மாதிரி வந்து போனார்.

பீடோரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு பாய்தான் சொன்னார், ஈப்போவில் தொழிலாளர்களுக்கென்று ஓர் ஆபீஸ் இருக்கிறது, அங்கே இருக்கும் வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியும், எழுதிப் போட்டால் விசாரிப்பார் என்று. அவரே எழுதியும் கொடுத்தார். ஒரு மாதத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

போவதற்கு முந்தின சாயங்காலம் அண்ணன் விறகு பிளந்துகொண்டே கேட்டார்.

"நீ பார்த்தியாடா?"

"குனிஞ்சுகிட்டு இருந்தேண்ணே."

"நீயா? திருட்டு முழி முழிப்பியே, உனக்கா தெரியாது?" சிரித்தார். ஒரு பக்கத்துக் காதில் பஞ்சு வைத்திருந்தார். அந்தப் பக்கம் நின்று பேசினால் அவருக்குக் கேட்காது.

"பார்த்தேண்ணே."

"அது போதும். எனக்குக் காசு கீசு ஒண்ணும் வேணாம். அடிச்சதுக்கு மன்னிப்பும் வேணாம். அந்த ஒரு வரியை அடிச்சுக் குடுத்தாப் போதும். மழை பெஞ்சதுன்னும், நான் மழைத்தண்ணின்னு சொன்னதுக்குத்தான் அடிச்சாருன்னும் நீ சொல்லு. மத்தவங்க சொல்ல மாட்டாங்க. நீ ஒருத்தன் சொன்னாப் போதும்."

சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த இரண்டு வாக்கியத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

காலையில் சுங்காய் ஸ்டேஷனில் கிராணி என்னைத் தனியே கூப்பிட்டார். அன்பாகத்தான் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, எழுத்துப் படிச்சவன் நீ. அடுத்த மாசம் ஸ்டோருக்கு ஒரு ஆள் வேணும்னு பெரிய துரை சொல்லியிருக்காரு. உன் பேரத்தான் நான் நினைச்சு வச்சிருக்கேன்."

"சரிங்கய்யா."

"அண்ணன் இன்னைக்கு இங்க இருப்பான், நாளைக்கு வேற எங்கயாச்சும் போலாம். அண்ணியும் பிள்ளையும் நம்ம லயத்துலதான் இருக்காங்க. அவங்களுக்குக் கூரை வேணுமா வேணாமா?"

"வேணுங்கய்யா."

"குனிஞ்சுகிட்டு இருந்தேன்னு சொல்றது ஒண்ணும் பொய் இல்லையே. நீ குனிஞ்சுதானே இருந்தே?"

வண்டி வரும் நேரத்தில் பார்த்தால் பிளாட்பாரத்தின் கடைசியில் தோட்டி நிற்கிறார். வெளுத்த சட்டை போட்டு, தலைமுடியை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். கையில் டிக்கெட்.

"இவன் எங்க வாரான்?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"சாட்சி சொல்லப் போறானாம்," என்றார் அவர் பெண்சாதி.

"யாரு கூப்பிட்டா?"

யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் யாரும் அவரை நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. மூன்றாம் வகுப்பு வண்டியில் பலகை காலியாக இருந்தும் அவர் கதவோரம் தரையில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், "அங்க ஏண்ணே? இங்க வந்து உக்காருங்க," என்று தன் பக்கத்து இடத்தைத் தட்டினார். அண்ணன் அவரை அண்ணே என்று கூப்பிட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் வந்து பலகையின் நுனியில் உட்கார்ந்தார். எதிர்வீட்டுக்காரர் எழுந்து ஈப்போ வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். நான் எழவில்லை. ஆனால் சுவரை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.

ஆபீஸில் மேசைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் இருந்தார். நிறத்தில் எங்களைப் போலத்தான். எங்கள் காலைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கூலியளோ? வெளியில நில்லுங்கோ. கூப்பிட்டால் வரலாம்."

அண்ணன் காகிதத்தை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டே அவர் மெதுவாக, எங்களிடம் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்: "உங்களாலதான் எங்களையும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள்."

கிளிங் என்ற அந்தச் சொல் அவருக்கும் எங்கேயோ கிடைத்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

உள்ளே சின்ன துரை ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி எங்களையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார். நாங்கள் யாரும் உட்காரவில்லை. இரண்டாம் தடவை சொல்லியும் உட்காரவில்லை. அண்ணன் மட்டும் உட்கார்ந்தார், பிறகு தான் ஒருவரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எழுந்துகொண்டார். அதிகாரி பேசிய தமிழ் புத்தகத் தமிழ். "அன்று நீர் கண்டது யாது?" என்று எதிர்வீட்டுப் பெண்ணைக் கேட்டார். அவர் என் பக்கம் சாய்ந்து, "என்னடா சொல்றாரு?" என்றார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்கிறார் என்றேன். "பூட்ஸுங்க துரை," என்றார். சின்ன துரை சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் குனிந்திருந்தேன் என்றார். கங்காணி குனிந்திருந்தேன் என்றார். "எல்லோருமா தரையைப் பார்த்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டதற்குக் கங்காணி, "ஆமாங்க துரை, அது எங்க மருவாதிங்க," என்றார். கிராணி தான் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்ததாகவும், வாளி தானாகக் கவிழ்ந்ததென்றும் சொல்லி, அன்று கொட்டகையில் இருந்தவர்கள் பெயர்களை எழுதிய காகிதத்தை மேசையில் வைத்தார். அதில் ஏழு பெயர்கள் இருந்தன.

அப்போது வாசல்படியில் நின்றிருந்த தோட்டி பேசினார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"அதுல எம்பேரு இல்லைங்க. நான் எட்டாவது ஆளுங்க. நான் குனியலைங்க. சாக்கடைக்குள்ள நிக்கிறவன் இன்னும் எங்கங்க குனியறது? இடுப்பு வலிக்குதேன்னு நிமிந்தேன். துரை பெரம்பால ரெண்டு அடி அடிச்சாரு, காதுல. ராத்திரி பூரா மழைங்க. சாக்கடையே ரொம்பித்தான் கெடந்துச்சு."

கிராணி உடனே ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். கள் குடிக்கிற மாதிரிக் கையால் காட்டியதால் எனக்கும் விளங்கியது. அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, "நீர் அங்கிருந்ததற்கு வேறு சாட்சி உண்டா?" என்று கேட்டார்.

"அந்தத் தம்பிங்க. அவரு நிமிந்து பாத்தாரு. என்னையும் பாத்தாரு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அதிகாரி பொறுமையாகவே கேட்டார். அன்று கொட்டகையில் எத்தனை பேர் இருந்தீர்கள், இவரை நீ கண்டாயா.

ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்த இரண்டு வாக்கியங்களும் வாய்க்குள் தயாராகத்தான் இருந்தன. ஸ்டோர் வேலையை நினைத்தேன், கூரையை நினைத்தேன். இத்தனை வருஷமாக அந்தக் காரணங்களைத்தான் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். இன்னொன்றும் இருந்தது. இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒத்துக்கொள்ள முடிகிறது. தோட்டியும் நானும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டோம், அவர் வார்த்தையும் என் வார்த்தையும் ஒன்று என்று எதிர்வீட்டுக்காரருக்கு முன்னால் நின்று சொல்ல எனக்குக் கூசியது. லயத்தில் என்ன பேசுவார்கள் என்று அந்த ஒரு நொடிக்குள் யோசித்துவிட்டேன். அண்ணனுடைய சீட்டு மேசை மேல் கிடந்தது. அதை விட்டுவிட்டு இதை யோசித்தேன்.

"ஏழு பேருங்க துரை," என்றேன்.

"இவர் இல்லையா?"

"இல்லைங்க துரை."

ஒரு வெள்ளைக்காரரிடம் நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதிகாரி நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் காகிதத்தில் எழுத அவருக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை. சாட்சி போதாது, சீட்டை மாற்ற உத்தரவிட இயலாது என்று அண்ணனிடம் அந்தப் புத்தகத் தமிழிலேயே சொல்லி, சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வரி அப்படியே இருந்தது.

வெளியே வந்ததும் யாழ்ப்பாணத்துக் கிளார்க் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சாட்சிகளுக்கு ரயில் காசு கொடுத்தார். மற்றவர்கள் ரேகை வைத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பட்டியலில் பெயர் இல்லாத தோட்டி தூணோரம் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவும் இல்லை, எங்களோடு திரும்பி வரவும் இல்லை. அடுத்த வண்டியில் வந்திருக்க வேண்டும்.

ஈப்போ ஸ்டேஷனில் அண்ணன் என்னைத் தன் நல்ல காதுப் பக்கம் வரச் சொன்னார்.

"பயந்துட்டியா?"

"ஆமாண்ணே."

"சரி." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தாளு சொந்தக் காசுல வந்திருக்காரு. எங்கிட்ட இல்லை. உன் கையில ஆபீஸ் குடுத்தது இருக்குல்ல, அதைக் கொண்டு போய் அவருகிட்டக் குடுத்துரு."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அண்ணன் அந்த வாரமே ஆயர் தாவார் பக்கம் போனார். அங்கே சீட்டுக் கேட்காத ஒரு குத்தகைக்காரரிடம் காடு வெட்டும் வேலை. இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அங்கேயே போய்விட்டார். சேதி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சொன்னபடி கிராணி எனக்கு ஸ்டோர் வேலை வாங்கிக் கொடுத்தார். நானும் செய்தேன். அந்தச் சம்பளத்தில்தான் அண்ணியும் பிள்ளையும் சாப்பிட்டார்கள். அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

ஈப்போவில் வாங்கிய அந்தக் காசை, திரும்பி வந்த நாளிலிருந்து மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். தோட்டியின் குடிசை கள்ளுக்கடைக்கு அப்பால், ஆற்றோரம். அங்கே போக வேண்டுமானால் லயத்து வாசல்களையெல்லாம் தாண்டிப் போக வேண்டும். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தே மூன்று நாள் கழித்தேன். நாலாவது நாள் போனேன். கதவு திறந்து கிடந்தது. தோட்டியையும் அவர் பெண்சாதியையும் விடிவதற்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று கள்ளுக்கடைக்காரர் சொன்னார். சீட்டும் கொடுக்கவில்லையாம்.

பிறகு நான் ஈப்போவுக்கு வந்து ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்து ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பேன். பெயர் என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. அவருடைய சாதியைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிட்டோம். கிராணியின் பேரேட்டிலும் அதைத்தான் பெயராக எழுதியிருந்தார்கள், ஸ்டோரில் இருந்தபோது நானே புரட்டிப் பார்த்தேன். அதைச் சொல்லி ஒரு மனிதரை எப்படித் தேடுவது? அப்படிக் கூப்பிடப்பட்டவர்கள் பேராக் முழுக்க ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்.

சுங்காயிலிருந்து ஈப்போவுக்கு மூன்றாம் வகுப்பு, போக ஒரு வெள்ளி இருபது காசு, வர ஒரு வெள்ளி இருபது காசு. நான் அவருக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் இரண்டு வெள்ளி நாற்பது காசு.